செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கைப்பழக்கத்துக்கு ஒரு நோட்டு

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகள் இங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடி அறையில், நான்கு கம்ப்யூட்டரோடு நடக்கும் நம் வீடியோ கேம் மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வழக்கமாக இதை யாரும் கேட்பதில்லை; போண்டா வரும்வரை பொறுத்துக்கொள்வார்கள். இந்த முறை சொல்ல விஷயம் இருப்பதால் போண்டாவைக் கடைசியில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

உறுப்பினர்கள் 19 பேர். அதில் 14 பேர் ஆடுவது டோட்டா 2, மூன்று பேர் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ். பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் போனில் போகிமான் யுனைட். செயற்குழு நான்கு முறை கூடியது, ஒருமுறை டீக்கடையில்.

போன வருடக் கூட்டத்தில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். மூவாயிரம் மணி நேரம் ஆடிய ஒருவர் எழுந்து, "இத்தனை ஆடியும் எனக்கு ஏன் இன்னும் கை வரல?" என்று கேட்டார். பாதிப் பேர் இன்னும் ஆடு என்றார்கள். மீதிப் பேர் நல்ல மவுஸ் வாங்கு என்றார்கள். கடைசியில், ஒரு வருடம் கைப்பழக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் பழகிப் பார்ப்பது என்று தீர்மானம் போட்டோம். அது என்ன ஆனது என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

பெற்றோருக்காக ஒரு விளக்கம். டோட்டா 2 ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். அவர்களைத் தவிர, அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரு பக்கத்திலிருந்தும் ஒரு குட்டிப் படை தானாகக் கிளம்பி வந்து நடுவழியில் மோதிக்கொள்ளும். அவற்றுக்கு கிரீப் என்று பெயர். எதிரி கிரீப்பை யார் எத்தனை அடி அடித்தாலும், உயிர் போகிற கடைசி அடி யாருடையதோ அவருக்குத்தான் காசு. அதுதான் லாஸ்ட் ஹிட். நம் பக்கத்துக் கிரீப்பின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் நாமே அதை அடித்து, எதிரிக்கு அந்தக் காசு போகாமல் தடுக்கலாம். அது டினை. கேட்கச் சுலபமாக இருக்கும். அரை நொடி முந்தினால் கிரீப்புக்கு உயிர் மிச்சம் இருக்கும், அரை நொடி பிந்தினால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்.

மே மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். முறை இதுதான். வந்ததும் முதல் வேலையாக, எதிரி இல்லாத தனி லாபியில் (பழகுவதற்காக நாமே திறந்துகொள்ளும் ஆட்டத்தில்), பொருள் எதுவும் வாங்காமல், ஷேடோ ஃபீண்ட் என்ற வீரனை எடுத்துக்கொண்டு நடுப்பாதையில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 80 கிரீப் வரும். எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் மேட்ச்.

ஏன் ஷேடோ ஃபீண்ட் என்று பலர் முனகினார்கள். ஆரம்பத்தில் அவன் அடி மெலிவு. தவிர, அடிக்கச் சொன்ன பிறகு கையை ஓங்கி எறியவே அரை நொடி ஆகும். அதற்கப்புறம் அந்தக் குண்டு பறந்து போய்ச் சேர வேண்டும். ஸ்னைப்பர் என்ற இன்னொரு வீரனுக்கு இதே ஓங்கல் 0.17 நொடிதான். ஸ்னைப்பரில் பழகியவர் ஷேடோ ஃபீண்டை எடுத்தால் திணறுவார், ஷேடோ ஃபீண்டில் பழகியவருக்கு ஸ்னைப்பர் லட்டு மாதிரி. அதனால்தான்.

முதல் நாள் எனக்கு 29. எழுதவே வெட்கமாக இருந்தது. ஆனால் செயலாளரே எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? மூன்று வாரத்தில் எல்லோருக்கும் எண்ணிக்கை ஏறியது. நான் 54 வரை வந்தேன், இரண்டு பேர் 70-ஐத் தாண்டினார்கள். இந்த ஏற்றத்துக்கு வேகம் காரணம் இல்லை. முன்பெல்லாம் கிரீப்பின் உயிர்க்கோடு குறைந்ததைப் பார்த்த பிறகு அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது அந்தக் கிரீப்பை எத்தனை பேர் அடிக்கிறார்கள், அடுத்த அடி எப்போது விழும் என்று பார்த்து, கையை முன்னாலேயே ஓங்கி, நேரம் தப்பினால் 'எஸ்' பட்டனைத் தட்டி நிறுத்தி, மறுபடி ஓங்கப் பழகிவிட்டோம். அந்த 'எஸ்' பட்டன் ஒன்றைக் கற்றுக்கொண்டதே பாதி லாபம்.

அப்புறம் நடந்ததுதான் கதை. லாபியில் 70 அடித்தவர் நிஜ மேட்சில் 35-க்கு இறங்கிவிட்டார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு மாலை பின்னால் நின்று பார்த்தேன். மனிதர் கிரீப்பின் உயிர்க்கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எதிரி இருவர் திரை மூலையில் உள்ள குட்டி வரைபடத்தில், அதாவது மினிமேப்பில், பளிச்சென்று தெரிய, ஆற்றைக் கடந்து வந்து, அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். "எங்கேருந்துடா வந்தானுங்க?" என்றார். வந்த வழி முழுக்க மேப்பில் இருந்தது.

அந்த வாரமே ரீப்ளே பார்க்கும், அதாவது ஆடி முடித்த மேட்சை மறுபடி ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினோம். முதல் மாலை எட்டுச் சாவுகளை எடுத்துக்கொண்டோம். கை தப்பியதால் செத்தது இரண்டே இரண்டு. ஆறில் எதிரி முன்கூட்டியே மேப்பில் தெரிந்திருக்கிறான், அல்லது எல்லோரும் ஒரேயடியாக மேப்பிலிருந்து மறைந்திருக்கிறார்கள், நாம் கவனிக்கவில்லை. கை சரியில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு கண் சரியில்லை என்பதுதான்.

ஆனால் கண் ஏன் அங்கே ஒட்டிக்கொள்கிறது? கைக்கு இன்னும் கண்ணின் துணை வேண்டியிருப்பதால். இதை எங்களுக்குப் புரியவைத்தது வீட்டுக்கார அம்மா.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது எல்லோருக்கும் தெரியும். நம் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நாலைந்து பேர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு தம்பி, எதிலும் செருகாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு இன்வோக்கர் என்ற மந்திரவாதி வீரனைப் பழகிக்கொண்டிருந்தான். இன்வோக்கருக்கு மூன்று உருண்டைகள்: குவாஸ், வெக்ஸ், எக்ஸார்ட். கியூ, டபிள்யூ, ஈ பட்டன்கள். மூன்றை எப்படிச் சேர்க்கிறோமோ அப்படி ஒரு மந்திரம், மொத்தம் பத்து. "கியூ கியூ கியூ கோல்ட் ஸ்னாப், டபிள்யூ டபிள்யூ கியூ டொர்னேடோ, ஈ ஈ ஈ சன் ஸ்ட்ரைக்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே தட்டுகிறான். இன்னொருவன் போன் டார்ச்சை அடித்துக் காட்டுகிறான்.

கீழிருந்து மெழுகுவர்த்தியோடு ஏறி வந்த அம்மா நின்றுவிட்டார். "என்னப்பா, கரண்டே இல்ல, என்னத்தத் தட்டிக்கிட்டு இருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து கீபோர்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பல வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவர் என்பது அப்போதுதான் தெரியும். "மொதல்ல அந்த லைட்ட அணை" என்றார். "பாத்துப் பாத்துத் தட்டினா ஜென்மத்துக்கும் வேகம் வராது. நாங்க என்ன பண்ணுவோம்? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. ஒரு வாரத்துக்கு இது மட்டும்தான். பசங்க விரலப் பாத்தா மேல ஒரு துண்டப் போட்டு மூடிருவேன்."

ஒருவன் குறுக்கே, "வேகம் எப்பம்மா வரும்?" என்று கேட்டான்.

"நீ எதுக்கு அதப் போய்க் கேக்குற? தப்பில்லாம அடி. அது தானா வரும். லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு முப்பது வார்த்த, ஹையருக்கு நாப்பத்தஞ்சு. மொத நாளே நாப்பத்தஞ்சுக்கு ஓடினவன் ஒருத்தனும் பாஸ் பண்ணல."

கரண்ட் வந்த அன்றிலிருந்து நம் அறையில் நான்கு ஈரிழைத் துண்டுகள் வாங்கிப் போட்டிருக்கிறோம் (செலவுக் கணக்கில் உண்டு). இடது கையை மூடிக்கொண்டு டெமோ மோடில் (ஒரு வீரனைத் தனியாகப் பழகும் இடம்) இன்வோக்கரின் பத்து மந்திரமும் தப்பில்லாமல் வர வேண்டும், ஒன்று தப்பினால் முதலிலிருந்து. லீக் ஆடும் மூவரும் இதையே அடித்துவிட்டு நகர்வதற்கு, அதாவது கைட்டிங்குக்கு, பயன்படுத்தினார்கள். இரண்டாவது கட்டமாக, லாபியில் லாஸ்ட் ஹிட் அடிக்கும்போது பின்னால் ஒருவர் நின்று நினைத்தபோதெல்லாம் "மேப்" என்பார். ஆடுபவர் கண்ணைத் திருப்பிப் பார்த்து, தெரிவதைச் சொல்லிவிட்டு, அடுத்த கிரீப்பையும் விடாமல் அடிக்க வேண்டும். 70 எல்லாம் 45 ஆனது. பரவாயில்லை, அந்த 45 மேட்சிலும் நின்றது. மேலே சொன்ன மூவாயிரம் மணி நேரக்காரருக்கு இப்போது மேட்சில் 50-ஐ ஒட்டி வருகிறது. ரேங்க் பெரிதாக ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேகம்தான் எல்லாம் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இரண்டு சங்கதி. 2019 ஏப்ரலில், அப்போதைய உலக சாம்பியன் ஓஜி அணியை டோட்டாவில் தோற்கடித்த ஓப்பன்ஏஐ ஃபைவ் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் எதிர்வினை நேரம் சுமார் 200 மில்லிநொடி. மனிதக் கண்ணும் கையும் எட்டக்கூடிய அளவுதான். இன்னொன்று, தீபாவளி முடிந்த சனிக்கிழமை, நவம்பர் 2 இரவு, இதே அறையில் பிதுங்கி உட்கார்ந்து பார்த்தோமே, லண்டனில் நடந்த லீக் உலக இறுதிப்போட்டி. பிலிபிலி கேமிங் அணியை டி1 அணி 3–2 என்று வென்றது. டி1-இன் ஃபேக்கருக்கு அப்போது 28 வயது, இந்த ஆட்டத்தில் அது கிட்டத்தட்ட ஓய்வூதிய வயது. கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது விரல் வித்தை காட்டும் ஆளையா? இல்லை, கேலியோ என்ற கல் பொம்மையை. எப்போது குதிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அன்று பஜ்ஜி வாங்கிய கணக்கு இன்னும் வரவில்லை, வாங்கியவர் கவனிக்கவும்.

தோற்றுப்போன முயற்சிகளும் உண்டு. ஷேடோ ஃபீண்டின் 'ரேஸ்' என்ற தாக்குதல் மூன்றும் 200, 450, 700 என்று நிலையான தூரத்தில்தான் விழும். அதைக் கண் மதிப்பில் பழகச் சோம்பல்பட்டு, ஒருவர் மானிட்டரில் மூன்று இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார். நம் வீரன் திரையின் நட்ட நடுவில், மேல்நோக்கி நின்றால் மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. டேப்பைப் பிய்த்த பசை இன்னும் போகவில்லை.

சாதனம் பற்றி. விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற டிக் நான்கு கம்ப்யூட்டரிலும் போட்டபடியே இருந்தது. அது இருந்தால் மவுஸை எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து அம்பு போகிற தூரம் மாறும். கைக்கு ஒரு கணக்கு படியவே படியாது. எடுத்துவிட்டோம், செலவு பூஜ்யம். ஒரு மானிட்டரை மட்டும் 144 ஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு 144 படம் காட்டுவதாக, மாற்றலாமா என்று பேச்சு வந்தது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி, 144-இல் சுமார் 7. வித்தியாசம் உண்மைதான். ஆனால் டோட்டா சர்வரே நொடிக்கு 30 முறைதான் கணக்குப் போடுகிறது, நம் இணைய இணைப்போ மாலை ஏழு மணிக்கு மேல் குதியாட்டம் போடுகிறது. பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) நிலையாக 60 மில்லிநொடி இருந்தால் கை அதற்குப் பழகிவிடும். 20-க்கும் 120-க்கும் மாறி மாறித் தாவினால் எந்தக் கையும் பழகாது. இணைப்பு கொடுத்தவருக்கு (பெயர் வேண்டாம்) ஐந்து முறை புகார் கொடுத்தோம். ஐந்து முறையும் ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். வைஃபையை விட்டுவிட்டு நாமே கேபிள் இழுத்ததில் ஓரளவு அடங்கியது. வண்ண வண்ண விளக்கு எரியும் கீபோர்டு கேட்டு வந்த மனுவை நான் எதிர்த்தேன், இனியும் எதிர்ப்பேன்.

ஒரு வருத்தமான செய்தி. நவராத்திரி விடுமுறையில் நம் கல்லூரித் தம்பி ஒருவன் தினமும் ஆறு மணி நேரம் பயிற்சி செய்து மணிக்கட்டு வீங்கி வந்து நின்றான். மருத்துவர் ஆறு வாரம் மவுஸையே தொடக்கூடாது என்றார். 2015-இல் லீக் ஆடும் அமெரிக்க அணியான கிளவுட்9-இன் தலைவர் ஹாய் ஆடுகளத்தை விட்டு விலகியதில் மணிக்கட்டுக் கோளாறுக்கும் பங்கு உண்டு. அது ஏதோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது 45 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும், எழுந்து கையை உதற வேண்டும். கைப்பயிற்சி நாளுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. அந்தத் தம்பியின் அம்மாவிடம் மன்றத்தின் சார்பில் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் இப்போது ஸ்கோர் எழுதுகிறான், மே மாதம் திரும்ப ஆடுவான்.

போட்டிகள்: ஆன்லைனில் மூன்றில் கலந்துகொண்டோம். இரண்டில் முதல் சுற்றிலேயே வெளியே. ஒன்றில் இரண்டாவது சுற்று.

வரவு செலவு. மாதச் சந்தா ஆளுக்கு 200 வீதம் வர வேண்டியது 45,600 ரூபாய், வந்தது 41,400. வாடகை (கரண்ட் சேர்த்து) 24,000, இணையம் 10,800, யூபிஎஸ் பேட்டரி 4,500, மவுஸ் பேட், கேபிள், துண்டு, நோட்டு எல்லாம் சேர்த்து 1,900. கையிருப்பு 200 ரூபாய். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். அவர்களுக்கே தெரியும்.

பொதுக்குழு முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. கை வைக்கும் இடம் மேசை உயரத்துக்குச் சரியாக வரும் நாற்காலி நான்கு வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பது ஒன்று. வீட்டுக்கார அம்மாவைக் கௌரவ உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று; கேட்டோம், சந்தா கேட்காவிட்டால் சரி என்றார்.

கடைசியாக, லாஸ்ட் ஹிட் நோட்டு மூன்றாவதை, பிப்ரவரி மாதக் கணக்கு உள்ளதை, யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்