எங்கும் போகாத கப்பலுக்கு என்ன அவசரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் பயணங்கள் பெருகப் போவதாக உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். வேலைவாய்ப்பு, வருமானம், டிக்கெட் விலை எல்லாம் இருந்தது. கப்பல் என்ன வேகத்தில் ஓடும் என்பது மட்டும் இல்லை. 34 வருடம் ரயில் ஓட்டியவன் நான். என் கண் முதலில் அதைத்தான் தேடியது.

போன வருடம் எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். சென்னையில் ஏறி, நடுக்கடல் வரை போய், இரண்டு ராத்திரி கழித்துச் சென்னையிலேயே இறங்க வேண்டும். வழியில் ஊர் எதுவும் கிடையாது. அறையில் இருந்த டிவியில் ஒரு சேனலில் கப்பல் இருக்கும் இடமும் வேகமும் ஓடிக்கொண்டே இருந்தன. மற்றவர்கள் நீச்சல்குளம், பாட்டு, கூத்து என்று போக, நான் அந்தச் சேனலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு இதில் வருத்தம்தான்.

கடைசி ராத்திரி 18 நாட் வரை காட்டியது. ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 33 கிலோமீட்டர். நம் கூட்ஸ் வண்டிகூட இதைவிட வேகமாகப் போகும். சரி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் தூரத்தில் கரை விளக்குகள் தெரிகின்றன, கப்பல் நின்ற மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே நுழையும்போது மணி ஏழு. ராத்திரி முழுக்க ஓடிவந்து அவுட்டரில் மூன்று மணி நேரம்! அரக்கோணம் அவுட்டரில் எத்தனையோ முறை நின்றவன் நான். ஆனால் அங்கே முன்னால் வேறு வண்டி இருக்கும், பிளாட்பாரம் காலி இருக்காது. இங்கே நாங்கள் வரும் நேரம் முன்பே தெரியும். மனைவி கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை: "ஏங்க, எங்கயும் போகாத கப்பலுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ வேகம்?"

இதில் டீசல் கணக்கு ஒன்று இருக்கிறது. தண்டவாளத்தில் ஓடும் வண்டியை ஒருமுறை வேகம் பிடிக்க வைத்துவிட்டால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் சும்மாவே உருளவிடலாம். விழுப்புரம் பாதையில் டீசல் இன்ஜின் ஓட்டிய காலத்தில் அப்படித்தான் மிச்சம் பிடித்தோம். தண்ணீர் அப்படி விடாது, பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இன்ஜின் தர வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகிறது. திருப்பிப் பார்த்தால் லாபமும் அதே கணக்கில் வரும். வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே தூரத்துக்கு ஓட்டத்துக்கான எரிபொருள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அவ்வளவு புகையும் குறையும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சொகுசுக் கப்பல் என்பது மிதக்கும் ஓட்டல். ஏசி, சமையலறை, லிஃப்ட், விளக்கு எல்லாம் கப்பல் நின்றாலும் எண்ணெய் குடிக்கும். ரயில்வேயில் ஏசி பெட்டிகளுக்குப் போகும் கரண்டை 'ஹோட்டல் லோடு' என்போம். கப்பல்காரர்களும் அதே பேரைத்தான் சொல்கிறார்கள். ரொம்ப மெதுவாகப் போனால் பயண நேரம் நீண்டு, ஓட்டத்தில் மிச்சம் பிடித்ததை ஏசி தின்றுவிடும். எனவே ஊர்ந்து போங்கள் என்று நான் சொல்லவில்லை.

ரயிலில் டிரைவர் இஷ்டத்துக்கு வேகம் வைப்பதில்லை, டைம்டேபிள் வைக்கிறது. கப்பலிலும் அப்படித்தான் இருக்க முடியும். பகலில் பயணிகள் ஊர் சுற்ற வேண்டும், ராத்திரிக்குள் அடுத்த துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்று அட்டவணை போட்டால் கேப்டன் என்ன செய்வார்? 200 கடல் மைல் தூரத்தை 20 நாட்டில் போனால் 10 மணி நேரம், 16 நாட்டில் போனால் பன்னிரண்டரை மணி நேரம். காலை ஆறு மணிக்குச் சேர, இரவு எட்டுக்குப் பதிலாக மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் போதும். ஓட்டத்துக்கான எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

புகையை விட என்னை உறுத்துவது கப்பல் திமிங்கலத்தின் மேல் மோதுவது. பாலக்காடு டிவிஷனில் சில வருடம் இருந்தேன். வாளையாறு காட்டுப் பகுதியில் யானை கடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி காஷன் ஆர்டர் தருவார்கள். டிரைவர்களுக்குள் முணுமுணுப்பு இருந்தது, எனக்கும்தான். ஒரு ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் தாயும் குட்டியும் தண்டவாளத்தில் நின்றன. பிரேக் போட்டேன். நாலு கம்பம் முன்னாலேயே வண்டி நின்றது. வழக்கமான வேகத்தில் வந்திருந்தால் நிற்காது. அதன் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

கடலில் திமிங்கலத்துக்கு அந்த ஹெட்லைட்டும் கிடையாது. வேகத்துக்கும் திமிங்கலச் சாவுக்கும் உள்ள தொடர்பை அலசிய ஆய்வு ஒன்று 2007ல் வந்தது. 15 நாட்டில் மோதினால் நூற்றுக்கு எண்பது அளவில் சாவு, 9 நாட்டுக்குக் கீழே வந்தால் இருபது அளவில் என்றது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கு 10 நாட்தான் என்று 2008லேயே விதி போட்டார்கள். அலாஸ்காவின் கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு இரண்டு சொகுசுக் கப்பலுக்கு மேல் அனுமதி இல்லை. திமிங்கலம் கூடும் இடங்களில் 13 நாட். நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸ பக்கம், நீலத் திமிங்கலங்கள் மேயும் கடலில்தான் பெரிய கப்பல் பாதை போகிறது. 2022ல் ஒரு பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தன் பாதையை இன்னும் தெற்கே தள்ளி வைத்துக்கொண்டது.

வேகம் குறைந்தால் புரொப்பெல்லர் இரைச்சலும் குறையும். திமிங்கலங்கள் ஒன்றையொன்று தேடுவது சத்தத்தை வைத்துத்தான். டீசல் இன்ஜினில் பாதிக் காதைத் தொலைத்துவிட்டு, டிவி சத்தத்துக்காக வீட்டில் தினமும் திட்டு வாங்கும் எனக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

கடலே இல்லாத காட்பாடியிலிருந்து இவனுக்கு என்ன கப்பல் கவலை என்று கேட்கலாம். ஜோலார்பேட்டை வண்டியில் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டும்போது எந்த ஸ்டேஷன் என்று மூக்கே சொன்ன காலம் ஒன்று உண்டு. தோல் ஆலைக் கழிவில் பாலாறு கெட்ட வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனு மீது, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புத் தந்தது. கெடுத்தவர் பணம் கட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. நாடெங்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் ஆறு போய்விட்டது.

மத்திய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கிய 'க்ரூஸ் பாரத்' திட்டம் 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரண்டு மடங்காக்கப் பார்க்கிறது. ஆகட்டும், கப்பல் கொஞ்சமாக இருக்கும்போதே விதியைப் போடுவது சுலபம். கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகம் 2005 முதல், கரைக்கு அருகே 12 நாட்டுக்குள் வரும் கப்பலுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறது. சென்னையும் அதைச் செய்யலாம். ஜனவரி முதல் நம் கரைக்கு ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் தள்ளுபடியாக இல்லாமல் கட்டாயமாகவே வைக்கலாம்.

இன்னொன்று. பயணிக்குத் தரும் அட்டவணையில், புறப்படும் நேரம், சேரும் நேரத்துக்குப் பக்கத்தில், கப்பலின் வேகத்தையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாடு என்னென்ன என்று மட்டும் எங்களுக்கு நாலு பக்கம் அச்சடித்துத் தந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லோகோ பைலட்,
காட்பாடி.