அக்காவுக்கு, டிசம்பர் 24க்கு முன்பாக

அக்கா,

நவம்பர் 1 அன்று நீ கல்லறைக்கு வரவில்லை. இறந்தவர்களை நினைத்து ஊரே அகல்விளக்கோடு நிற்கிற நாளில், நீ பிரிந்து வந்த கணவர் குடும்பத்தின் கண்ணில் படச் சங்கடமாக இருந்திருக்கும், புரிகிறது. மறுநாளாவது போயிருக்கலாம். அந்த வீட்டுப் போலந்துப் பாட்டி, நம் பாப்சியா, போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை இரண்டு பக்கத்து மனிதர்களும் படிப்பார்கள் என்று தெரியும். நீ அந்த வீட்டைவிட்டு வந்த காரணம் உன்னுடையது. அதைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுத மாட்டேன். உன் பக்கம் நியாயம் இருந்தது என்பதை மட்டும் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்தக் காளான் கூடையைப் பற்றி.

கிராக்கோவுக்குப் பக்கத்து நியெபொலோமித்சே காடு, செப்டம்பர், முந்தின ராத்திரி மழை. பாப்சியா ஒவ்வொரு காளானையும் கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்புவாள். அடிப்பக்கம் பஞ்சு மாதிரி பொடிப்பொடித் துளையாக இருந்தால் போரோவிக் வகை, இங்கே விரும்பித் தின்கிற காளான், பார்க்கலாம். தாள் தாளாக மடிப்பு இருந்தால் புதிதாக வந்தவர்கள் தொடவே கூடாது. நமக்கு அவள் சொன்ன சட்டம் அவ்வளவுதான். கிளம்பும்போது உன் கூடையில் கையை விட்டுத் துழாவி, பச்சையும் மஞ்சளும் கலந்த தொப்பியோடு ஒன்றை வெளியே எடுத்தாள். திருப்பினாள். வெள்ளை மடிப்பு, தண்டில் வளையம், அடியில் கிழிந்த உறை. ஒரு வார்த்தை பேசாமல் உன் கூடை மொத்தத்தையும் ஈர இலை மேல் கவிழ்த்துவிட்டாள். காலையிலிருந்து குனிந்து குனிந்து நீ பொறுக்கியது அத்தனையும். உன் முகம் சிவந்ததைப் பார்த்தேன். உனக்காக அன்று நானும் அவளைக் கோபித்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கப்புறம் எத்தனை இடத்தில் சொன்னாய், 'என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாள்' என்று! அக்கா, அது மரணத் தொப்பி. ஒன்று போதும், ஓர் ஆளைக் கொல்ல. வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த விஷம் போகாது. தின்று ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. நடுவில் தேறிவிட்டது போல இருக்கும், அதற்குள் ஈரல் போய்க்கொண்டிருக்கும். உடைந்த துண்டு மற்ற காளானோடு கலந்திருக்குமோ என்றுதான் முழுக்கக் கொட்டினாள். எது என்னவென்று சந்தேகம் இருந்தால் சனெபித் என்கிற அரசு சுகாதார அலுவலகத்தில் காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள். அங்கே கொண்டு போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

வண்டியில் ஏறும் முன் தன் கூடையிலிருந்து பாதி போரோவிக்கை எடுத்து உன் கூடையில் போட்டாளே, அதை ஏன் ஒருமுறைகூட நீ யாரிடமும் சொன்னதில்லை? அந்த டிசம்பரில் நீ ஊறவைத்தது அவள் கொடுத்த காளான்.

நீ பிரிந்து வந்த பிறகும் நான் ஒவ்வொரு டிசம்பர் 24க்கும் அந்த வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிந்தது. அதற்கு மன்னித்துக்கொள். போனதற்காகக் கேட்கவில்லை. எனக்கு இந்த நாட்டில் இன்னொரு பாட்டி கிடையாது. உனக்குக் காய்ச்சல் வந்த குளிர்காலத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று உனக்கே தெரியும். நான் மட்டும் ஏன் ஒரு பக்கம் சாய வேண்டும்?

இந்த வருடம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் கிராக்கோவில் என் வீட்டிலேயே விகிலியா, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்து, வைப்பதாக முடிவு செய்துவிட்டேன். நீ பிரிந்து வந்தவரும் வருகிறார், மறைக்கவில்லை. மற்றது நீ கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

பார்ஷ்ச், அந்த பீட்ரூட் சூப், பாப்சியா முறையில்தான். 17ஆம் தேதி பீட்ரூட்டைத் தோல் சீவி நறுக்கி, பூண்டு, பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ் போட்டு, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் முழுக வைப்பேன். ஒரு துண்டு மேலே மிதந்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்று தினமும் வந்து அழுத்திவிடுவாள், ஞாபகம் இருக்கிறதா? ஆறேழு நாளில் புளிப்பு ஏறி, சாறு கருஞ்சிவப்பாகிவிடும். 23 ராத்திரி காய்ந்த காளானை ஊறவைத்து, மறுநாள் ஊறின தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். அடியில் மண் தங்கும், துணியில் வடிகட்டியே ஆக வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சூப்புக்கு உயிர், அன்றைக்கு இறைச்சி கிடையாதல்லவா. கேரட், வெங்காயம், பார்ஸ்லி கிழங்கு, செலரிக் கிழங்கு வெந்த சாற்றோடு அதைச் சேர்த்து, கடைசியில் பீட்ரூட் புளிப்பை ஊற்றிச் சூடேற்ற வேண்டும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்குவோமே, அதே கவனம்தான். கொதிக்கவிட்டால் சிவப்பு செத்துத் துரு நிறமாகிவிடும். கடைசியாக மார்ஜோரமை உள்ளங்கையில் கசக்கித் தூவ வேண்டும். வெந்த காளானைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி, சூப்பில் போடும் குட்டி மாவுக் கொழுக்கட்டையான உஷ்காவுக்குள் வைப்பேன். உன் விரல் மடிப்பு எனக்கு வரவே வராது. நீ மடித்தால் ஒன்றுகூடத் தண்ணீரில் வாய் திறக்காது, பாப்சியாவே ஒத்துக்கொண்டாள்.

வா அக்கா. அவருக்குப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன். மேசையில் ஒரு தட்டு எப்படியும் கூடுதலாக இருக்கும். அது இங்கத்து வழக்கம்; உனக்காக வைத்துக் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே.

பீட்ரூட் ஊறப்போடும் அந்தப் பெரிய கண்ணாடி ஜாடி உன்னிடம்தான் இருக்கிறது. நீ வருகிறாயோ இல்லையோ, அதை 16ஆம் தேதிக்குள் அனுப்பிவிடு.