விட்டுவிடு, தம்பி

தம்பி,

எம்பிஏ சேருவதற்கான ஜிமேட் தேர்வை இரண்டாவது தடவை எழுதத் தேதி போட்டுவிட்டாய் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. போகட்டும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். இதைச் சித்தி வீட்டாரும் வாசிப்பார்கள். அதனால் உன் மதிப்பெண்ணையும் எழுதமாட்டேன், அன்றைக்கு வீட்டில் பேசிய பேச்சையும் எழுதமாட்டேன். படிப்பைப் பற்றி மட்டும்.

முதலில் அந்த மதிப்பெண் அறிக்கையைத் திற. மொத்தத்தைப் பார்க்காதே, நேரம் எப்படிச் செலவானது என்று காட்டும் பகுதிக்குப் போ. கணிதத்தில் 45 நிமிடத்துக்கு 21 கேள்வி. ஒன்றுக்கு 2 நிமிடம் 8 வினாடிதான் வருகிறது. நீ இரண்டு கேள்விகளில், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாய். கடைசி மூன்றைத் தொடவே இல்லை. முடிக்காத கேள்விக்கு ஜிமேட்டில் தனித் தண்டம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அமுக்கியிருந்தாலும் அதைவிட மேல்.

அந்த அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாம் சாப்பிட்ட மாமாக் உணவுக் கடைதான் ஞாபகம் வருகிறது. பில்லின் பின்பக்கத்தில் ஒரு விகிதக் கணக்கு. இருபது நிமிடம் நீ தலை நிமிரவில்லை; தே தாரிக் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. விடை வந்ததும் நான் கை தட்டினேன். "இப்படித்தான், விடவே கூடாது" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கூட சிரித்தார்.

விடத் தெரிந்தவனுக்கான தேர்வு இது. உன்னை நேர்மாறாகப் பழக்கியது நான்தான். மன்னித்துவிடு. ஆனால் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் கணிதத்தில் உன்னைக் கரையேற்றியதும் அதே பிடிவாதம்தான் என்பதை மறந்துவிட்டு எல்லார் முன்னாலும் பேசினாயே, அது இன்னும் ஆறவில்லை.

சரி. பன்னிரண்டு வாரம் இருக்கிறது.

முதல் வாரம் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். பழைய பயிற்சியில் தவறிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுது: கேள்வி வகை, எடுத்த நேரம், தவறிய காரணம். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கட்டும். பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தப்பாக வாசித்தேன், கூட்டல் கழித்தலில் சறுக்கினேன், விட மனம் வரவில்லை. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதே; அதை எழுதினால் திருத்த ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொன்றையும் ஏழு நாள் கழித்து, தீர்வைப் பார்க்காமல் திரும்பப் போடு.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழு ஏழு கேள்வியாக, 15 நிமிடம் வைத்துப் போடு. கணிதப் பகுதி சரியாக மூன்று ஏழு. அதனால் தேர்வில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டே: ஏழாவது முடியும்போது 30 நிமிடம் மீதி, பதினான்காவது முடியும்போது 15. ஒரு கேள்வியில் இரண்டு நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லை என்றால் ஒரு விடையைத் தேர்ந்தெடு, புக்மார்க் செய், நகர். விடை தராமல் அடுத்ததற்குப் போக முடியாது. பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து மூன்று விடைகள்வரை மாற்றலாம். நேரம் மிஞ்சினால்தான்.

தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 20 கேள்வி, அதே 45 நிமிடம். உன் ஓட்டை அங்கேதான் பெரிது. இரண்டு கூற்றுகள் விடை காணப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சியில் முதல் கூற்றில் படித்ததை இரண்டாவதற்குள் தூக்கிக்கொண்டு போகிறாய். இரண்டாவதைப் பார்க்கும் முன் முதலாவதைக் கையால் மூடு, பழகும்வரை. அட்டவணைக் கேள்வியில் மூன்று வரிக்கும் சரியாகச் சொன்னால்தான் மதிப்பெண். இரண்டு சரி என்பதற்கு ஒன்றும் கிடையாது. ஆகவே மூன்றாவது வரி இழுத்தால் மொத்தத்தையும் விட்டுவிடு. கால்குலேட்டர் இந்தப் பகுதியில் மட்டும் உண்டு, ஆனால் தோராயம் போதுமான இடத்தில் அதைத் தட்டிக்கொண்டிருப்பது நேர விரயம்.

ஆங்கில வாசிப்பான வெர்பல் பகுதி உனக்குப் பிரச்சினை இல்லை. எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போது, வாதத்தை எடைபோடும் கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்வி தினம் மூன்று போதும்.

அந்தப் பழைய தடிப் புத்தகத்தைத் தூக்கி வை. வாக்கியத் திருத்தமான சென்டன்ஸ் கரெக்ஷனும் வடிவியலும் 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் இல்லை. அதை உனக்குக் கொடுத்ததும் நான்தான், தெரியும். பாடப் பட்டியலைச் சரிபார்க்காமல் கொடுத்தேன். நீயும் இரண்டு மாதம் சரிபார்க்காமல்தான் படித்தாய்.

அதிகாரபூர்வப் பயிற்சித் தேர்வுகளில் இலவசமான முதல் இரண்டையும் எழுதிவிட்டாய். திரும்ப எழுதினால் பார்த்த கேள்விகள் சில வந்து மதிப்பெண் பொய்யாக ஏறும். காசு கொடுத்து 3, 4, 5 வாங்கு. நான்காம், எட்டாம், பதினோராம் வாரம் ஒவ்வொன்று. உண்மைத் தேர்வு எத்தனை மணிக்கோ அதே மணிக்கு எழுது. வீட்டில் முடியாது, அம்மா பசியாறக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகத்துக்குப் போ. வெள்ளைத் தாளில் போட்டுப் பழகாதே. தேர்வு மையத்தில் தருவது பிளாஸ்டிக் பூசிய தாளும் மார்க்கரும். அதில் எழுத்து பெரிதாக விழும், சீக்கிரம் இடம் தீரும். ஸ்டேஷனரி கடையில் நாலு தாளை லேமினேட் செய்துகொள்.

பதினோராம் வாரத் தேர்விலும் ஒரு கேள்வி நான்கு நிமிடத்தைத் தாண்டினால், புதுப் பாடம் எதையும் தொடாமல் ஏழு கேள்விப் பயிற்சிக்கே திரும்பு.

பழைய மதிப்பெண்ணை நினைத்துப் பயப்படாதே. நீ அனுப்பும் மதிப்பெண்ணைத்தான் பல்கலைக்கழகம் பார்க்கும். இந்தத் தடவையும் சரிவராவிட்டால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். சித்தப்பாவிடம் யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

பதிவில் உன் பெயர் கடப்பிதழில் இருப்பது போலவே இருக்கிறதா, தகப்பன் பெயருக்கு முன் வரும் ஏ/எல் உட்பட, என்று இன்றைக்கே பார். கடப்பிதழ் அம்மாவின் அலமாரியில், மூன்றாம் தட்டில், என்னுடையதற்குக் கீழே இருக்கிறது.

அக்கா