பிரேக் இல்லாத சைக்கிள்

எர்ஃபுர்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தப்பு என்மேல்தான். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் தொப்பையைப் பற்றித் தங்கை போனில் சொன்னாள். இன்னும் ஒரு சுற்று பெருத்தால் பழைய பட்டப்பெயரை நானே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குச் சைக்கிள் பந்தயத்தில் சேர வேண்டுமாம். சாலையில் இல்லை, சரிவாகக் கட்டிய வட்டப் பாதையில். நேற்று கூட்டிப்போனேன். அந்த சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாது, மணி! சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. வேகம் குறைய மேட்டுப் பக்கம் ஏறி ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் என் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

இந்த விளையாட்டில் பெயர் பெற்ற வீராங்கனை கிறிஸ்டினா ஃபோகல் இந்த ஊர்க்காரர்தான். கிர்கிஸ்தானில் பிறந்து, கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்தவர். 2009-ல், 18 வயதில், சாலையில் பயிற்சி செய்யும்போது ஒரு வேன் மோதியது. முதுகெலும்பில் முறிவு, தாடை உடைந்தது, பற்கள் போயின, இரண்டு நாள் கோமா. அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? மூன்றே வருடத்தில் லண்டன் ஒலிம்பிக்கில், இருவர் சேர்ந்து ஓட்டும் போட்டியில் மிரியம் வெல்டேயுடன் தங்கம் வாங்கினார். இறுதிப் போட்டியில் முந்தியது சீன ஜோடி, ஆனால் விதிமீறல் என்று அவர்களை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 2016-ல் ரியோவில் அந்தக் குறையும் தீர்ந்தது. ஸ்பிரின்ட் என்ற தனிநபர் வேகப் போட்டியின் இறுதியில் கோட்டைத் தாண்டும்போது அவர் சீட்டே கழன்று போனது, அப்படியும் தங்கம் அவருக்குத்தான். உலகப் பட்டங்கள் மட்டும் 11.

இரவெல்லாம் என்னைத் தூங்கவிடாதது இனிமேல் சொல்லப்போவதுதான். 2018 ஜூன் 26, கோட்புஸ் நகரில் சாதாரணப் பயிற்சி. சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர், பாதையில் இருந்த இன்னொரு இளம் வீரர்மேல் மோதிவிட்டார். கீழே கிடக்கும்போது யாரோ தன் ஷூக்களை எடுத்துப்போவதைப் பார்த்திருக்கிறார். கழற்றியதே தெரியவில்லை. இனி நடக்க முடியாது என்று அந்த நொடியே புரிந்துவிட்டதாம். அப்போது வயது 27.

மறு வருடமே சக்கர நாற்காலியில் இருந்தபடி தேர்தலில் நின்று இந்த ஊர் நகர மன்றத்துக்குப் போனார். தொலைக்காட்சியில் வந்து பந்தயங்களைப் பற்றிப் பேசுகிறார். விட்டுப்போன அதே விளையாட்டை, முகம் மலர்ந்து! எப்படி முடிகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

இதையெல்லாம் பாப்பாவிடம் சொன்னேன், பயந்துகொள்ளட்டும் என்றுதான். “தெரியும்பா. ஆனா அவங்க எவ்வளவு ஜெயிச்சாங்கன்னு நீங்க கடைசியிலதானே சொல்லணும்?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

கையெழுத்துப் போட வேண்டிய படிவம் மேசைமேல் கிடக்கிறது. சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நீ ஆற்றுப்பாலத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகும், கட்டுப் பிரித்த அன்றே உன் அப்பா சைக்கிள் சாவியை உன்னிடம் நீட்டினாரே, அன்று அவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்டு எழுது. வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்,
சேது