24 மணி நேரத்தில் மீன் விடலாம் என்ற உங்கள் பாட்டில்: ஆறாவது முறையாக ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
நாள்: ஜூலை 24
பொருள்: 60 லிட்டர் தொட்டி கிட், பச்சை மூடி பாட்டில், கிட்டுடன் தந்த கையேடு, அம்பத்தூர் சர்வீஸ் சென்டர், உங்கள் மூன்றாவது போன் ஊழியர்

ஐயா / அம்மா,

வணக்கம். நான்கு முறை போன் செய்தாயிற்று, ஒரு முறை நேரிலும் வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. அதனால் இம்முறை எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஜூன் 8 அன்று அக்கா வீட்டுக்காக இந்தக் கிட்டை வாங்கினேன். ரசீது என் பெயரில்தான் இருக்கிறது. கையேட்டின் 4ஆம் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்: தண்ணீர் நிரப்பு, குளோரின் நீக்கியை ஊற்று, பச்சை மூடி பாட்டிலில் இருக்கும் பாக்டீரியா திரவத்தை 30 மில்லி ஊற்று, 24 மணி நேரம் கழித்து 14 சிறிய மீன்கள் வரை விடு. அக்கா அதை எழுத்துக்கு எழுத்து செய்தார். ஜூன் 10 அன்று ஆறு நியான் டெட்ரா, நான்கு கப்பி, இரண்டு மோலி, இரண்டு கோரி விட்டார். 12ஆம் தேதி தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்தது. 13ஆம் தேதி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. 18ஆம் தேதிக்குள் பதினொன்று செத்துவிட்டன.

முதல் போன், 13ஆம் தேதி. “தண்ணி மட்டும் மாத்திடாதீங்க, பாக்டீரியா எல்லாம் போயிடும்” என்றார் உங்கள் ஊழியர். பணிவாகவே கேட்கிறேன்: உங்கள் பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லித் தருகிறீர்களா? மீன் கழிவிலிருந்து வரும் விஷம் அம்மோனியா. அதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வளர்கிறது. குளோரின் நீக்கிய நீரால் பாதித் தொட்டியை மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கே பாதி நீரை மாற்றியிருந்தால் விஷம் பாதியாகியிருக்கும், ஏழெட்டு மீனாவது பிழைத்திருக்கும்.

14ஆம் தேதி என் டெஸ்ட் கிட்டைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), பிஎச் (நீரின் அமில-கார அளவு) 8, வெப்பம் 28 டிகிரி, நைட்ரைட் 0. பிஎச் 8-இல், அந்த வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 6.5 சதவீதம் செவுளை அரிக்கும் கட்டற்ற அம்மோனியாவாக இருக்கும். பிஎச் 7 என்றால் அது 0.7 சதவீதம்தான். அதாவது சென்னையின் கடின போர் தண்ணீரில் உங்கள் கையேடு பத்து மடங்கு ஆபத்து. அந்தப் பக்கத்தில் பிஎச் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைச் சொன்னதும் இரண்டாவது ஊழியர், “அப்போ ஆர்ஓ தண்ணி ஊத்துங்க சார்” என்றார். பிஎச் இறங்கும், மீன்கள் தேறியதுபோலத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பிஎச்சை இறங்கவிடாமல் தாங்கும் காரத்தன்மை ஆர்ஓ தண்ணீரில் கிட்டத்தட்ட கிடையாது. 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற, லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். அது தீர்ந்ததும் பிஎச் 6-க்குப் போய்விடும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா கண்ணுக்குத் தெரியாமல் சேரும். அப்புறம் ஒருநாள் யாரோ நல்லெண்ணத்தில் பிஎச் 8 குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். சேர்ந்து கிடந்ததில் ஒரு பங்கு சட்டென்று விஷமாக மாறும். ஆர்ஓ ஊற்றச் சொன்னவர், 60 லிட்டருக்கு 1.8 கிராம் ஆப்ப சோடா போட்டால் கேஎச் (காரத்தன்மையின் அளவு) ஒன்று ஏறும், நாலு கேஎச்சுக்கு 7 கிராம் போதும் என்றும் சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்றாவது ஊழியரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். ஜூன் 17, மாலை 4.20. நைட்ரைட் இன்னும் 0-இலேயே நிற்கிறது, எனவே உங்கள் பாட்டிலில் உயிருள்ள பாக்டீரியா இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மறித்து, “மீன் வளர்க்கத் தெரியாதவங்க எல்லாம் கம்பெனியைக் குறை சொல்றது ஃபேஷன் ஆயிடுச்சு. ஒரு ஃபைட்டர் மீன் வாங்கிக் கிண்ணத்துல போட்டுக்கோங்க” என்றார். இணைப்பைத் துண்டித்தார். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று நீங்களே அறிவிக்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். இன்னொன்று: ஃபைட்டர் மீனையும் சைக்கிள் ஆகாத, அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இன்னும் வளராத, கிண்ணத்தில் போடக் கூடாது. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும் என்பதற்காக அதன் செவுளில் அம்மோனியா படாது என்று அர்த்தமில்லை.

இனி அம்பத்தூர். “ரெண்டு லிட்டர் தண்ணி சாம்பிளோட நேர்ல வாங்க, லேப் டெஸ்ட் பண்ணித் தர்றோம்” என்று குறுஞ்செய்தி வந்தது. ஜூன் 21 அன்று தாம்பரத்திலிருந்து ஆட்டோவில், மடியில் இரண்டு பாட்டில் தண்ணீருடன் வந்தேன். ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு உங்கள் ‘லேப்’ மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பாக வெளியே வந்தது. அதை நனைத்துப் பார்த்து “எல்லாம் நார்மல்” என்றார்கள். அந்த ஸ்ட்ரிப்பில் ஆறு கட்டங்கள்: நைட்ரேட், நைட்ரைட், கடினத்தன்மை, காரத்தன்மை, பிஎச், குளோரின். அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை! அம்மோனியாவால் செத்த மீனுக்கு அம்மோனியாவையே அளக்காத ஸ்ட்ரிப். அதைச் சுட்டிக் காட்டினால், இன்னொரு பச்சை மூடி பாட்டிலை எடுத்து, “ஃபர்ஸ்ட் பாட்டில் பழசா இருந்திருக்கும், இதை டபுள் டோஸ் ஊத்துங்க” என்று 420 ரூபாய்க்கு பில் போட்டார்கள். இலவசமாகக்கூடத் தரவில்லை. கொளத்தூர் மீன் கடைகளில் எந்தக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் ஓடுகிற தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்.

கோபத்தில் வரிசை தப்பிவிட்டது, மன்னிக்கவும். பாட்டிலுக்கு வருகிறேன்.

பிழைத்த மூன்று மீன்களை நண்பரின் தொட்டிக்கு மாற்றிவிட்டு, கிட்டைக் கழுவி என் வீட்டில் வைத்து, ஜூன் 23 முதல் மீன் இல்லாமல் சைக்கிள் செய்தேன். அம்மோனியாவுக்கு அம்மோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான், ஆனால் கலப்படம் இருக்கக் கூடாது என்று ஆய்வகத் தரத்தில் வாங்கியது. 6.28 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்தால், தொட்டி நீர் லிட்டருக்கு 1 மில்லி ஊற்றும்போது 2 பிபிஎம் வரும். 60 லிட்டருக்கு 60 மில்லி. இந்த இரண்டு வரியை உங்கள் கையேட்டில் போட்டிருந்தால் பதினொரு உயிர் போயிருக்காது. உங்கள் இரண்டாவது பாட்டிலையும், சொன்னபடி டபுள் டோஸாக, 60 மில்லி ஊற்றினேன். ஃபில்டரை 24 மணி நேரமும் ஓட விட்டேன், வெப்பம் 28–29, கேஎச் 6.

ஜூலை 4 வரை அம்மோனியா 2-இலிருந்து அசையவில்லை. 5ஆம் தேதி 1-க்கு இறங்கியது, நைட்ரைட் 0.5 தெரிந்தது. 9ஆம் தேதி அம்மோனியா 0.25, நைட்ரைட் டெஸ்ட் கிட்டின் நிற அட்டையில் கடைசி ஊதா நிறம். இதற்காகப் போன் செய்தால் நான்காவது ஊழியர் (இவர் மரியாதையாகப் பேசினார், நன்றி) “டெஸ்ட் கிட் கெட்டுப்போச்சு” என்றார். கெடவில்லை. 1 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் 2.7 பிபிஎம் நைட்ரைட் வரும். 2 ஊற்றினால் 5.4. என் அட்டையில் கடைசி அளவு 5. அந்த நேரத்தில் அவசரப்பட்டு மேலும் அம்மோனியா ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்த பிறகுதான் அடுத்த டோஸ், நைட்ரைட் அட்டையைத் தாண்டி நின்றால் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஜூலை 18 இரவு 60 மில்லி ஊற்றி, மறுநாள் அதே நேரம் பார்த்தபோது அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20-க்கும் 40-க்கும் நடுவில். ஆக 26 நாள். பாட்டிலே ஊற்றாத தொட்டியும் ஏறக்குறைய இவ்வளவு நாள்தான் எடுக்கும்.

தற்செயல் என்று சொல்வீர்கள் என்று தெரியும். அதனால் கூடவே மூன்று பக்கெட்டுகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் 10 லிட்டர் தண்ணீர், 10 மில்லி அம்மோனியாக் கரைசல், ஒரு ஏர் ஸ்டோன். முதல் பக்கெட்டில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் உங்கள் பாட்டில், டபுள் டோஸ். மூன்றாவதில் நண்பரின் பழைய ஃபில்டரிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்ச் துண்டு. ஐந்தாவது நாள் மூன்றாவது பக்கெட்டில் அம்மோனியா 0. பத்தாவது நாளிலும் முதல் இரண்டும் 2-இலேயே நின்றன. தேதியோடு எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

காரணம் உங்கள் லேபிளிலேயே இருக்கிறது: ‘பேசில்லஸ், 36 மாதம், அறை வெப்பநிலையில் வைக்கவும்’. பேசில்லஸ் என்ற பாக்டீரியா விதைத்தூளாக (ஸ்போர்) உறங்கி மூன்று வருஷம் தாங்கும், மறுக்கவில்லை. கசடைத் தின்னும். ஆனால் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோகும் வேலை அதனுடையது அல்ல. அந்த வேலையைச் செய்பவை விதைத்தூளாக மாறாது. குளிரில் வைத்தால் சில மாதம் தாங்கும், சித்திரை வெயிலில் டெலிவரி வேனில் கிடந்தால் செத்துப்போகும். கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றிவிட்டுத் தயிருக்குக் காத்திருக்கிற கதை. கையேட்டில் நைட்ரைட்டைத் தின்பது ‘நைட்ரோபாக்டர்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நன்னீர்த் தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா என்று 1998-இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை ஒரே ஆளாக முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளையும் 2015-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். பாட்டில் விற்கிற நீங்கள் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள்.

என் நஷ்டம்: கிட் 6,490, இரண்டு பாட்டில் 840, மீன்கள் 1,680, டெஸ்ட் கிட் 3,200, ஆட்டோ 860, ஆக 13,070 ரூபாய். மன உளைச்சலுக்கு 25,000. அக்கா மகன் இனி வாழ்நாளில் மீன் வளர்க்க மாட்டேன் என்கிறான், அதற்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். டெஸ்ட் கிட் எப்படியும் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். இல்லை, உங்கள் பெட்டியின் மேல் ‘டெஸ்ட் தேவையில்லை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

நான் சண்டைக்காரன் அல்ல. பணத்தைத் திருப்பித் தாருங்கள். 4ஆம் பக்கத்தைத் திருத்துங்கள். பாட்டிலில் என்னென்ன உயிரினம் இருக்கிறது, அம்மோனியாவை அது குறைத்ததற்கு உங்களிடம் என்ன சோதனை முடிவு இருக்கிறது என்பதை எழுத்தில் தாருங்கள். மூன்றாவது ஊழியர் என்னிடம் அல்ல, என் அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்கட்டும். 15 நாள் பொறுக்கிறேன். அதற்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் என்னவென்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பெட்டியை அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்த நிலை வராது என்றே நம்புகிறேன். உங்கள் கண்ணாடி வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
(பெயரும் எண்ணும் உங்கள் புகார்ப் பதிவில் ஐந்து இடங்களில் இருக்கின்றன)

பி.கு.: இன்று காலை உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் மாற்றும் நேரம் வந்துவிட்டது, 15 சதவீதம் தள்ளுபடி’. அந்த நீல கார்ட்ரிட்ஜில்தான் 26 நாள் வளர்த்த பாக்டீரியாவில் பெரும்பகுதி இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டினால் சைக்கிள் மறுபடி கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கும். நான் மாற்றப்போவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசி மறுபடி மாட்டிவிட்டேன். கூடவே ஒரு சாதாரண ஸ்பாஞ்சையும் திணித்திருக்கிறேன், கார்ட்ரிட்ஜ் கிழிந்தால் அது தாங்கும். இந்தக் குறுஞ்செய்தியை அக்காவின் எண்ணுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.