லூப் லைனில் நின்ற பாசஞ்சர்

காட்பாடி

அன்பு நண்பா,

முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மனைவியிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்கிறான், கைக்கு எட்டும் உயரத்தில் வீட்டில் ஒரு பொருளும் இருப்பதில்லை.

பதில் எழுதப் பத்து நாளானதற்கு உன் கடைசிப் பத்திதான் காரணம். "இருக்கிற ரயிலை நேரத்துக்கு ஓட்டட்டும், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே புல்லட் ரயிலை யார் கேட்டார்கள்?" என்று கோபமாக எழுதியிருந்தாய். போன வருடம் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பயணம் என்னை மாற்றிவிட்டது.

அரக்கோணத்திலிருந்து பாசஞ்சரில் வந்துகொண்டிருந்தேன். வாலாஜா நெருங்குவதற்கு முன் ஒரு சின்ன நிலையத்தில் வண்டியை லூப் லைனில், அதாவது பின்னால் வரும் வண்டிக்கு வழிவிடும் ஓரப் பாதையில், ஒதுக்கினார்கள். எதிர் இருக்கையில் ஒரு பெரியம்மா, மடியில் மல்லிகைக் கூடை. மேலே போர்த்திய ஈரத்துணி காயக் காய, பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றித் தெளித்துக்கொண்டே இருந்தார். ஒரு எக்ஸ்பிரஸ் கடந்தது. சிக்னல் விழவில்லை. இன்னொரு எக்ஸ்பிரஸ் போயிற்று, அதன் பின்னால் ஒரு நீண்ட சரக்கு வண்டி. நாற்பது நிமிடம். கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "காட்பாடி போறதுக்குள்ள மொட்டு விரிஞ்சிடும்" என்றார், யாரையும் நோகாமல்.

நோவதற்கும் யாருமில்லை. தென்னிந்தியாவில் முதலில் ரயில் ஓடிய தடம் இதுதான். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போட்டார்கள். இன்று அரக்கோணத்தைத் தாண்டினால் போக ஒன்று, வர ஒன்று என இரண்டே பாதை. அதில்தான் பெங்களூரு வண்டி, கோவை வண்டி, கேரள வண்டி, சரக்கு வண்டி எல்லாம் ஓடவேண்டும். வேகமான வண்டி ஒன்றை உள்ளே விட்டால், அதற்கு முன்னால் போகும் மெதுவான வண்டிகளை ஒவ்வொன்றாக ஓரங்கட்ட வேண்டும். ஒரு வந்தே பாரத் எடுத்துக்கொள்வது ஒரு வண்டியின் இடத்தை அல்ல. இரண்டு மூன்று வண்டிகளின் இடத்தை.

அன்று வீட்டுக்கு வந்து ஜப்பானின் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயில் கதையைத் தேடிப் படித்தேன். வேகத்தின் மேல் ஆசைப்பட்டுக் கட்டினார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நாட்டின் ரயில் பாதை நீளத்தில் சுமார் மூன்று சதவீதமே இருந்த அந்த இரு நகரையும் இணைத்த பழைய டோக்கைடோ தடம், மொத்தப் போக்குவரத்தில் கால் பங்கைச் சுமந்து திணறிக்கொண்டிருந்தது. நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலமான 1,067 மில்லிமீட்டர் பாதை. பக்கத்திலேயே அதே அகலத்தில் இன்னும் இரண்டு பாதை போட்டால் போதும் என்று பலர் வாதாடினார்கள். ரயில்வேயின் தலைவர் சோகோ ஷிஞ்சியும், தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் இணங்கவில்லை. பயணிகள் வண்டிக்கு மட்டுமேயான, அகலமான, ஒரு ரயில்வே கேட்கூட இல்லாத தனிப்பாதைதான் வேண்டும் என்று நின்றார்கள். 1961-இல் உலக வங்கியிடம் எட்டுக் கோடி டாலர் கடன் வாங்கினார்கள். செலவு முதல் மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கானது. இருவரும் 1963-இல் பதவி விலகினார்கள். 1964 அக்டோபர் 1 அன்று முதல் வண்டி கிளம்பியபோது அந்த விழாவில் இருவருமே இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் பாதையில் எத்தனை வண்டி விடலாம் என்பதை அங்கே பார். நெரிசல் நேரத்தில் நொசோமி என்னும் மிக வேகமான வண்டிகள் மட்டுமே ஒரு திசையில் மணிக்குச் சுமார் பன்னிரண்டு கிளம்புகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,320 இருக்கை. இன்னொரு பக்கம், பழைய தடத்திலிருந்து தொலைதூர எக்ஸ்பிரஸ்கள் விலகியதால், உள்ளூர் வண்டிக்கும் சரக்குக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

நான் உன்னிடம் சொல்ல விரும்புவது இதைத்தான். சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகப் பாதை வருமானால், அதன் முதல் பயன் அந்த மல்லிகைக் கூடைக்குக் கிடைக்க வேண்டும். காலியாகும் இடத்தில் அரக்கோணம்–காட்பாடி–ஜோலார்பேட்டைக்கு எத்தனை பாசஞ்சர் கூடுதலாக ஓடும் என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எண்ணிக்கையாக எழுத வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடத்தை வேறு ஏதாவது நிரப்பிவிடும்.

நிலையத்தை எங்கே வைப்பது என்பதும் என்னை அரிக்கிறது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு, வளைவு குறைவு, வேலை சுலபம். ஆனால் நீ பெங்களூரு ஜெயநகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆட்டோவில் போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சென்னையின் எல்லையில் இறங்கி, மறுபடி நெரிசலில் ஒரு மணி நேரம் போனால், மிச்சம் என்ன? ஷின்–யோகோஹாமாவை வயல் நடுவேதான் கட்டினார்கள். அங்கே குறுக்கே வேறொரு ரயில் பாதை ஏற்கெனவே இருந்தது; அப்படியும் அந்த இடம் நகரமாக வெகுகாலம் பிடித்தது. மெட்ரோவும் புறநகர் ரயிலும் வந்து சேராத இடத்தில் நிலையம் கட்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

காட்பாடியில் நிற்குமா என்று நீ கேட்பாய். நிற்கவேண்டும்தான். ஆனால் எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நின்றால் அது அதிவேக ரயிலாக இருக்காது. ஜப்பானில் முதல் நாளிலேயே இரண்டு வகை வண்டி விட்டார்கள்: நகோயாவிலும் கியோட்டோவிலும் மட்டும் நிற்கும் ஹிகாரி, பன்னிரண்டு நிலையத்திலும் நிற்கும் கொடாமா. காட்பாடிக்குக் கொடாமா போதும்.

நிலத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு சாலைக்காக என் தாய்மாமன் மகனின் தென்னந்தோப்பை அளந்தார்கள். வரப்பில் சிவப்பு மை பூசிய அளவுக்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அவர் தோப்புக்கு உரம் வைக்கவில்லை. போகிற மரத்துக்கு எதற்கு என்றார். பணம் வந்து சேர்வதற்குள் பாதி மரம் காய்ப்பு நின்றுவிட்டது. மும்பை–அகமதாபாத் பாதைக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2023-க்குள் ஓடும் என்பது அன்றைய கணக்கு. மகாராஷ்டிரத்தில் நிலம் கைக்கு வரவே வருடங்கள் போயின. அந்த 508 கிலோமீட்டரில் பெரும்பகுதி தூண் மேல் போகிறது, அதற்கு 17.5 மீட்டர் அகலம் போதும் என்றே திட்டமிட்டார்கள். இங்கும் அப்படித்தான் செய்யவேண்டும். கல் நடும் நாளிலேயே பணமும் கையில் வரவேண்டும்.

தை மாதம் வருகிறேன் என்றாயே, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேரவேண்டும். காலையில் முதல் வண்டியாகப் பார்த்து ஏறு. முதல் நடைமேடையில் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறேன். படி ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது. உன்னிடம் இருக்கும் அந்தப் பழைய சர்வே வரைபடத்தை மறக்காமல் எடுத்து வா. ஜோலார்பேட்டைக்கும் பங்காருப்பேட்டைக்கும் நடுவே பாதை மலையேறும் இடத்தை உன்னோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்