கைப்பற்றின கம்ப்யூட்டர ஆன் பண்ணாம தடய அறிவியல் லேப்புக்கு அனுப்பக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு உள்துறைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

ஐயா, வணக்கம்.

எங்க வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் அரிசி மண்டிய நான்தான் பாத்துட்டு வரேன். கணக்கு எழுதிட்டு இருந்தவர் 2024 கடைசியில வேலைய விட்டு நின்னாரு, நின்ன மறுவாரம் பாத்தா ரெண்டு வருஷத்து டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) டேட்டா மொத்தமும் டெலிட் ஆகியிருக்கு, வசூல் பணத்துல பெரிய தொகை துண்டு விழுது. புகார் குடுத்தேன், எப்.ஐ.ஆர். போட்டாங்க, கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போனாங்க, எடுக்கும்போது வீடியோவும் எடுத்தாங்க. அது வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லைங்க.

அதுக்கு அப்புறம்தான் பிரச்சனை. ஸ்டேஷன்ல அத பல தடவை ஆன் பண்ணி, ஒவ்வொரு ஃபோல்டரா திறந்து பாத்து, கிடைச்சத பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிருக்காங்க. உதவி பண்ணணும்னுதான் பண்ணியிருப்பாங்க, ஆனா மஹஜர்ல (கைப்பற்றினத எழுதி வைக்கிற பதிவு) "கருப்பு நிற சிபியு ஒன்று"ன்னு மட்டும்தான் இருக்கு, ஹார்ட் டிஸ்க் சீரியல் நம்பரும் இல்ல, ஹாஷ் வேல்யூவும் (டேட்டாவுக்கு கைரேகை மாதிரி ஒரு எண், ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிடும்) இல்ல.

டெலிட் பண்ண ஃபைல் உடனே அழிஞ்சிடாதுங்க ஐயா. அந்த இடம் காலின்னு விண்டோஸ் குறிச்சு வச்சுக்கும், அது மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும் பழசு அங்கயேதான் கிடக்கும். ஆனா ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் லாக், டெம்ப் ஃபைல், அப்டேட்னு விண்டோஸ் தானா எழுதிக்கிட்டே இருக்கும், அப்படி எழுதுற இடம் என் கணக்கு கிடக்குற இடமாவும் இருக்கலாம். டிஸ்க் எஸ்எஸ்டியா (சுத்துற தட்டு இல்லாத சிப் டிஸ்க்) இருந்தா இன்னும் மோசம், ட்ரிம்னு ஒண்ணு டெலிட் ஆன இடத்த அதுவா துடைச்சிடும். அதனாலதான் லேப்ல ரைட் பிளாக்கர்னு டிஸ்க்ல எதுவும் எழுத விடாத கருவி மாட்டி டிஸ்க் முழுசையும் இமேஜ் (அச்சு அசல் காப்பி) எடுத்து, அந்த இமேஜ்லதான் தேடுவாங்க, அசல்ல ஒரு எழுத்துகூட எழுத விடமாட்டாங்க.

கோர்ட்டுல இதெல்லாம் கேப்பாங்கன்னு எங்க வக்கீல் சொல்றாரு. 2014ல அன்வர், பஷீர் தேர்தல் வழக்குல எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சட்டம் கேக்குற சர்டிபிகேட் இல்லாத சிடிங்கள சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல, 2020ல கோட்கர் வழக்குலயும் அதையே உறுதி பண்ணிடுச்சு. 2024 ஜூலை 1லேர்ந்து வந்த புது சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்துல 63ஆம் பிரிவு சர்டிபிகேட்லயே ஹாஷ் வேல்யூ எழுதணும், ஒரு பகுதிய நிபுணர் எழுதிக் குடுக்கணும். பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 193ஆம் பிரிவுப்படி டிவைஸ் யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சுன்னு போலீஸ் ரிப்போர்ட்ல வரிசையா சொல்லணும். எங்க கேஸ்ல கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைல்களோட தேதியே கைப்பற்றின நாளுக்கு அப்புறமா இருந்தா, போலீஸே மாத்திட்டாங்கன்னு எதிர்த்தரப்பு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால எங்க டிஸ்க்க சீல் வச்சு மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு அனுப்ப உத்தரவு போடுங்க. இதுவரைக்கும் எப்போ, யார் ஆன் பண்ணாங்கன்னு மறைக்காம எழுதி கூடவே அனுப்பச் சொல்லுங்க, எதுக்கு அப்புறம் என்ன மாறிச்சுன்னு பிரிச்சுப் பாக்க லேப்புக்கு அது ரொம்ப உதவும். இன்னொண்ணும் கேக்குறேன். எல்லா ஸ்டேஷனுக்கும் ரைட் பிளாக்கர் குடுக்க காலம் ஆகலாம், ஆனா கைப்பற்றின கம்ப்யூட்டர ஸ்டேஷன்ல ஆன் பண்ணக் கூடாது, சீரியல் நம்பர் மஹஜர்ல கண்டிப்பா இருக்கணும்னு சுற்றறிக்கை விட செலவே இல்லைங்க.

எங்க கம்ப்யூட்டர் இன்னும் ஸ்டேஷன்லதான் இருக்கு. உத்தரவு வர நாளானாலும் பரவாயில்ல, அதுவரைக்கும் அத யாரும் ஆன் பண்ண வேணாம்னு இன்னைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
மனுதாரர்